இறக்கத்தில் விரல் மரத்துப் போகிறது: சைக்கிளுக்கு எந்தக் கிரிப் பொருந்தும்?

கொட்டகலைச் சாரல்

அனைவருக்கும் வணக்கம். நான் கொட்டகலையிலிருந்து தலவாக்கலையில் உள்ள பாடசாலைக்கு வாரத்தில் மூன்று நாட்கள் சைக்கிளில் போய் வருகிறேன். வண்டி இருபத்தொரு கியர் கொண்ட பழைய மவுண்டன் சைக்கிள், ஹேண்டில் நேரானது. காலையில் போகும்போது பெரும்பகுதி இறக்கம். டெவன் அருவியைப் பார்க்க வாகனங்களை நிறுத்தும் இடத்தைத் தாண்டியதும் வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலில் ஒரு பாதியும் மரத்துப் போகத் தொடங்குகின்றன. பாடசாலையில் வரவுப் பதிவேட்டில் கையெழுத்திடும்போதுகூட அந்த மரப்பு முழுவதும் விட்டிருக்காது.

சைக்கிளோடு வந்த கறுப்பு ரப்பர் கிரிப்புகள், அதாவது ஹேண்டில் முனைகளில் கை பிடிக்கும் உறைகள், வெயிலிலும் மழையிலும் கிடந்து இளகிவிட்டன. பிடித்தால் உள்ளங்கையில் மை போல ஒட்டுகின்றன. பிள்ளைகளின் கொப்பிகளில் என் கைரேகை பதிந்த நாட்களும் உண்டு. ஆகவே எப்படியும் புதியவை வாங்கத்தான் வேண்டும். ஹட்டனில் ஒரு கடையில் தடித்த பஞ்சு கிரிப் ஒரு சோடி காட்டினார்கள். அமுக்கிப் பார்த்தால் மெத்தை போல உள்ளே போகிறது. அதையே வாங்கிவிடலாமா, அல்லது வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா?

நானுஓயா மேகம்

நானும் அப்படித்தான் அமுக்கிப் பார்த்து வாங்கினேன், சேர். முதல் வாரம் சுகமாக இருந்தது. மழை தொடங்கியதும் அந்தப் பஞ்சு நீரைக் குடித்துக் கனத்தது. இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. விறாந்தையில் நிறுத்தி இரண்டு நாட்கள் கழிந்த பின்னும் உட்புறம் ஈரமாகவே இருந்தது. மூன்றாம் மாதத்தில் ஓரம் பிய்ந்து போனதால் கழற்றி எறிந்தேன்.

சிலிக்கோன் பஞ்சு என்று இன்னொரு வகை இருக்கிறது. அதில் துளைகள் மூடியிருப்பதால் நீர் உள்ளே இறங்காது. அதிர்வையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். இப்போது நான் பாவிப்பது அதைத்தான். சைக்கிளை மதிலில் சாய்த்தாலோ தேயிலைச் செடியில் உரசினாலோ சிறிது சிறிதாகக் கிழியும் என்பதைத் தவிர அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

பழைய ஸ்பானர்

சேர், நான் பதுளையில் முப்பது வருடங்களுக்கு மேல் சைக்கிள் திருத்தியவன். கம்பி பிரேக் வைத்த கறுப்புச் சைக்கிள் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். கை வலிக்கிறது, கிரிப்பை மாற்றித் தாருங்கள் என்று வருபவரின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது கிரிப்பை அல்ல, பிரேக்கை.

காரணத்தைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓட்டுபவருக்குக் கிரிப் என்பது கை வைக்கும் இடம். நமக்கு அது தொங்கும் இடம். ஹப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறவர் ஒரே ஓட்டத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் இழக்கிறார். அந்த வழி முழுவதும் உடலின் பாரம் முன்னோக்கிக் கையில் விழுகிறது, விரல்களோ பிரேக்கை விடுவதில்லை. அந்த நேரத்தில் பிரேக் வயர் துருப்பிடித்து உறைக்குள் இழுபட்டால், ஒரு விரலால் முடிய வேண்டிய வேலைக்கு நான்கு விரல்களும் முழுப் பலத்தோடு வேண்டியிருக்கும். நான்கு விரல்களும் பிரேக்குக்குப் போய்விட்டால் ஹேண்டிலைத் தாங்குவது உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டுமே. அங்கே எவ்வளவு மெத்தை வைத்தாலும் அது அமுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே பணத்தைச் செலவழிப்பதற்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள். பிரேக் லீவரை ஒரு விரலால் அமுக்கினால் இலகுவாக வருகிறதா, விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்பது ஒன்று. ஆசனத்தின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்பது அடுத்தது. சமதரையில் வண்டியை நிறுத்தி ஆசனத்தின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூக்கு தாழ்ந்திருந்தால் நீங்கள் நாள் முழுவதும் முன்னால் வழுக்கிக்கொண்டு, கையால் உங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று பொருள். மூன்றாவது, டயரில் எவ்வளவு காற்று அடிக்கிறீர்கள் என்பது. பெற்றோல் நிலையத்தில் கல்லுப் போல அடித்துக்கொண்டு வந்துவிட்டு, அதிர்வுக்குக் கிரிப்பைக் குற்றம் சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

நுவரெலியாத் தாதி

சகோதரர் சொன்ன அடையாளத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப் போவது அல்னர் நரம்பு நசுங்குவதன் அடையாளம். அந்த நரம்பு மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டுக்குள், கயோன் கால்வாய் என்னும் குறுகிய வழியாகச் செல்கிறது. நேரான ஹேண்டிலில் பாரம் முழுவதும் சரியாக அந்த இடத்தில்தான் விழும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப் போனால் அது வேறு நரம்பு. அதற்குப் பெரும்பாலும் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருப்பது காரணமாக இருக்கும்.

இறங்கி நடந்து கையை உதறிய சில நிமிடங்களில் மரப்பு போய்விட்டால் வண்டியைச் சரிசெய்து பார்க்கலாம். ஆனால் உங்களுக்குக் கையெழுத்திடும் நேரம்வரை நிற்கிறது. விரல்களை அகல விரிக்கவோ, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு கடதாசியை இறுக்கிப் பிடிக்கவோ சிரமம் இருந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். நரம்பு தேறுவதற்கு வாரக்கணக்காகும். சில வேளைகளில் மாதக்கணக்காகும்.

ஹப்புத்தளை மூடுபனி

பழைய ஸ்பானர் ஐயா சொன்ன மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் கிரிப் வாங்கத்தானே வேண்டும். அளவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

நேரான ஹேண்டிலில் கிரிப் ஏறும் பகுதியின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர். நடுவில் ஸ்டெம் (ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் தண்டு) பிடிக்கும் இடம் 25.4 அல்லது 31.8 என்று மாறும். அதை அளந்துவிட்டுக் குழம்ப வேண்டாம். பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டில் 23.8 என்பதால் அதில் இந்தக் கிரிப்புகள் ஏறா. அதற்கு நாடா சுற்ற வேண்டும். கிரிப்பின் நீளம் பொதுவாக 130 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

முக்கியமானது கிரிப்பின் வெளித் தடிப்பு. மெல்லியவை 28 மில்லிமீட்டர் அளவிலும் தடித்தவை 34 அளவிலும் கிடைக்கின்றன. கடையில் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, சுற்றிப் பிடித்துப் பாருங்கள். விரல் நுனிகள் பெருவிரலின் அடிமேட்டை மெல்லத் தொட வேண்டும். நுனி உள்ளங்கையில் குத்தினால் கிரிப் மெல்லியது. நுனிக்கும் மேட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் தடித்தது. தடித்த கிரிப் மென்மையாக இருந்தாலும், அதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கே முன்கைத் தசை உழைக்க வேண்டும். என் கை சிறியது. 34 மில்லிமீட்டர் பஞ்சு கிரிப்பில் ஒரு மாதம் ஓட்டி முழங்கைவரை வலி கண்டேன், 29-க்கு இறங்கியதும் நின்றது. என் தந்தை கவ்வாத்துக் கத்தியின் பிடியில் பழைய டியூப்பை ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றுவார். இரண்டாவது சுற்றுச் சுற்றினால் மாலையில் கை தூக்க முடியாது என்பார். அது கத்திக்குச் சொன்னது, ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

தடித்த கையுறை அணிபவர்கள் அதன் தடிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும்போது கையுறை இல்லாமல் ஓட்ட முடியாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

நானுஓயா மேகம்

சகோதரி சொல்வது சரி. ஆனாலும் உள்ளங்கை மேட்டில் பாரம் விழுவதுதான் நோய் என்றால், இறக்கை வைத்த கிரிப் அல்லவா மருந்து? வெளி ஓரத்தில் அகன்ற தட்டுப் போல விரிந்திருப்பது. உள்ளங்கை முழுவதும் அதன்மேல் படுத்துக்கொள்வதால் பாரம் ஓரிடத்தில் குவிவதில்லை.

ஹப்புத்தளை மூடுபனி

தார் வீதிக்கு மருந்து. தோட்டப் பாதைக்கு அது தொல்லை. டம்பேதென்ன பக்கத்தில் கற்கள் பெயர்ந்த இறக்கத்தில் கையை நொடிக்கு நொடி மாற்றிப் பிடிக்க வேண்டும். இறக்கை ஒரே ஒரு நிலையைத்தான் அனுமதிக்கும். ஆசிரியர் பிரதான வீதியில்தான் போகிறார் என்பதால் அவருக்கு இறக்கை பொருந்தலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சரியான கோணத்தில் பூட்டாவிட்டால் வட்டமான கிரிப்பைவிட மோசம். இறக்கை கீழ்நோக்கிச் சாய்ந்தால் மணிக்கட்டைத் தாங்க ஒன்றுமில்லாமல் அது தொங்கும்; அளவுக்கு மீறி மேல்நோக்கி நின்றால் மணிக்கட்டு வளைந்து, தாதி அக்கா சொன்ன அந்த மற்ற நரம்பு சிக்கிக்கொள்ளும். ஆசனத்தில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகக் கையை வைத்து, முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வரும் நிலையில் பூட்ட வேண்டும். பிறகு சில நாட்கள் ஓட்டிப் பார்த்து, சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பித்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

மஸ்கெலியா மிதி

யாரும் செய்யக் கூடாத ஒன்றை நான் செய்திருக்கிறேன். பிறர் தப்பிக்கட்டும் என்று எழுதுகிறேன். சைக்கிள் கிரிப் கிடைக்காததால் மோட்டார் சைக்கிள் கிரிப் ஒரு சோடி வாங்கினேன். இடப்பக்கம் கச்சிதமாக ஏறியது. வலப்பக்கம் லொடலொடவென்று ஆடியது. மோட்டார் சைக்கிளின் வலது கிரிப், வேகத்தைக் கூட்டத் திருகும் திராட்டில் குழாயின் மேல் ஏறுவது என்பதால் அதன் துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிது என்பது எனக்கு அப்போது தெரியாது. உள்ளே பழைய டியூப்பைச் சுற்றி இறுக்கிப் பார்த்தேன். நோர்வூட் போகும் வழியில் ஒரு வளைவில் கிரிப் முழுச் சுற்றுச் சுற்றியது. நான் தேயிலைச் செடிக்குள் கிடந்தேன். செடிக்குத்தான் கொஞ்சம் சேதம்.

பழைய ஸ்பானர்

மஸ்கெலியாத் தம்பி உயிரோடு எழுதுவது மகிழ்ச்சி. பூட்டும் முறையைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கிரிப் வாங்குவதில் பிழை விட்டால் கை வலிக்கும். பூட்டுவதில் பிழை விட்டால் பல்லுப் போகும்.

பழையதைக் கழற்றும்போது இழுக்காதீர்கள். பழைய ஸ்போக் கம்பி ஒன்றின் முனையை மழுக்கி, கிரிப்பின் உள் ஓரத்தில் மெல்லச் செருகி, அந்த இடைவெளியில் மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டை விட்டு, சுற்றித் திருகினால் வழுக்கிக்கொண்டு வரும். ஆசிரியருடையது இளகிப்போன ரப்பர் என்பதால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம்; இரும்பு, அலுமினியம் ஹேண்டிலில் அது பாதகமில்லை, காபன் ஹேண்டிலில் பிளேட் படவே கூடாது. உரித்த பின் ஒட்டியிருக்கும் பிசினை ஸ்பிரிட் நனைத்த துணியால் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள்.

பூட்டு இல்லாத, சும்மா ஏற்றும் கிரிப்பாக இருந்தால் அதன் உள்ளே ஸ்பிரிட்டைச் சுற்றிவர நனைத்து, ஒரே மூச்சில் முனைவரை தள்ள வேண்டும். பாதியில் நின்று யோசித்தால் ஸ்பிரிட் ஆவியாகி அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஹெயார் ஸ்பிரே இன்னும் நல்லது. காய்ந்ததும் சற்று ஒட்டும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய கை கழுவும் ஜெல்லை ஊற்றுகிறார்கள். அதில் கிளிசரின் கலந்திருப்பதால் வழுவழுப்பு போகாது. எண்ணெயும் கிறீசும் வேண்டவே வேண்டாம். சவர்க்கார நீரைப் பதுளை வெயிலில் ஒரு நாளில் காய வைக்கலாம்; வட்டவளையில் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அங்கே அது எப்போது காயும்?

மெல்லிய கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டுவது எங்கள் பழைய வழக்கம். முறுக்கின் நுனி விரல் படாத பக்கம் போய் ரப்பருக்குள் புதைய வேண்டும்.

ஆனால் மேற்கு மலைச்சாரலில், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஓட்டுபவருக்கு நான் சொல்வது பூட்டு வைத்த கிரிப்தான். உள்ளே கடினமான குழாய், ஓரத்தில் அலுமினிய வளையம், அதை இறுக்கும், தலையில் அறுகோணக் குழி கொண்ட சிறு அலன் ஆணி. 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் அலன் சாவி போதும். எத்தனை நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும் என்று வளையத்திலோ பெட்டியிலோ அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்துக்குள் இருக்கும். அளக்கும் கருவி இல்லாவிட்டால் சாவியின் குட்டைப் பக்கத்தை இரு விரல்களால் பிடித்து இறுக்குங்கள்; நீண்ட பக்கத்தை முழுக் கையால் பிடித்தால் ஆணியின் மரை போய்விடும். ஆணியின் மரையில் ஒரு துளி கிறீஸ் வைத்தால் துருவேறாது. அந்தக் கிறீஸ் ஹேண்டிலில் படக் கூடாது.

இறுதியாக, முனை மூடி. மூடி இல்லாத ஹேண்டில் முனை வெறும் இரும்புக் குழாய். விழும்போது வயிற்றில் குத்தினால் ஈரல்வரை சேதமாகும், பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து. மூடி தொலைந்தால் போத்தல் தக்கையையாவது செதுக்கி அடியுங்கள். குழாய்க்குள் மழைநீர் போய்த் துருவேறுவதையும் அது தடுக்கும்.

கம்பளைக் கரை

என் வண்டியில் கியரை மாற்றுவது வலப்பக்கம் திருகும் வளையத்தால். அதற்கு வழமையான கிரிப் ஏறுமா?

பழைய ஸ்பானர்

ஏறாது. அந்தப் பக்கத்துக்கு 90 மில்லிமீட்டர் அளவில் குட்டைக் கிரிப் வேண்டும். நீளமானதை வெட்டலாம், பூட்டு வைத்ததை வெட்டக் கூடாது. கிரிப் திருகு வளையத்தை நெருக்கினால் கியர் இறுகும், ஆகவே மயிரிழை இடைவெளி விடுங்கள்.

கொட்டகலைச் சாரல்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் கடதாசிச் சோதனையைச் செய்தேன். விரல்களில் பலக்குறைவு இல்லை. பிறகு பழைய ஸ்பானர் ஐயா சொன்ன வரிசையில் வண்டியைப் பார்த்தேன். வலப்பக்கப் பிரேக் வயரை உறையிலிருந்து உருவியபோது செங்கல் நிறத்தில் தூள் கொட்டியது. வயரையும் உறையையும் புதிதாகப் போட்டதும், இதுவரை நான் நான்கு விரல்களால் பிழிந்துகொண்டிருந்த லீவர் ஒரு விரலுக்கு இசைந்தது. லீவருக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க அதன் அடியில் ஒரு சிறு திருகாணி இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. லீவர் கிட்டத்தட்டக் கிடையாக நின்றதால், எட்டிப் பிடிக்க மணிக்கட்டு மேலே மடிந்துகொண்டிருந்தது; முன்கையின் நேர்கோட்டில் விரல் போய்த் தொடுமாறு கீழே திருப்பினேன். ஆசனத்தின் மூக்கு பலகையின் கீழ் ஒரு விரல் தடிப்புக்குத் தாழ்ந்திருந்தது. டயரில் அறுபது பிஎஸ்ஐ இருந்தது; நாற்பதுக்கு இறக்கினேன்.

இவ்வளவும் செய்து, அந்த ஒட்டும் கிரிப்போடேயே ஒரு வாரம் ஓட்டினேன். டெவனில் தொடங்கிய மரப்பு தலவாக்கலை நகரை நெருங்கும்போதுதான் வந்தது. ஒரு ரூபாவுக்கும் கிரிப் வாங்காமல் பாதி வழி சுகம் கிடைத்தது என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

இரண்டாம் வாரம் கண்டிக்குப் போனபோது ஒரு கடையில் சுற்றிப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையானவர். 30 மில்லிமீட்டர் தடிப்பில், பூட்டு வைத்த, வெளி ஓரத்தில் சிறிய இறக்கை கொண்ட ரப்பர் கிரிப் என் கைக்குச் சரியாக அமைந்தது. அமுக்கினால் அது சிறிதும் அமுங்காது. முன்பு கேட்டிருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன். பழையதை உரிக்க ஒரு மணித்தியாலமும் புதியதைப் பூட்டப் பத்து நிமிடமும் ஆயின. முதல் நாள் இறக்கையைச் சற்று அதிகமாக மேலே நிறுத்திவிட்டதால் பெருவிரல் பக்கம் வலித்தது. ஹப்புத்தளை சகோதரி எழுதியதை மீண்டும் படித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திருப்பினேன், நான்காம் நாள் இடம் அகப்பட்டது.

இப்போது சுண்டுவிரல் மரப்பதில்லை. ஒரே ஒரு சந்தேகம்: ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது வலது கிரிப்பிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஆணியை இன்னும் இறுக்கவா?

பழைய ஸ்பானர்

இறுக்காதீர்கள், சேர். முதலில் முனை மூடியைக் கழற்றி, ஹேண்டில் குழாய் வெளி வளையத்தின் அடிவரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் எட்டாமல் வளையம் வெறும் பிளாஸ்டிக்கை நெரித்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் சத்தம் வரும். பிரேக் லீவரையும் கியர் லீவரையும் ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, கிரிப்பையும் அதே அளவு தள்ளிப் பூட்டுங்கள். பூட்டிய பின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு கிரிப்பைப் பலமாக முறுக்கிப் பாருங்கள். ஒரு கிழமை ஓடிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

கொட்டகலைச் சாரல்

மூன்று மில்லிமீட்டர் எட்டாமல் இருந்தது, ஐயா. தள்ளிப் பூட்டினேன், சத்தம் நின்றது.